தோட்டத்தில் வசந்தம் தெரிகிறது, பெண்ணை அனுப்ப வேண்டாம்

ராயக்கோட்டை சாலை, ஓசூர்.
மாசி மாதக் கடைசி வாரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பரமசிவம் அவர்களின் சமூகத்துக்கு, ஓசூரிலிருந்து நாராயணப்பன் இரு கை கூப்பி எழுதுவது. நானும் சரோஜம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சேலத்தில் தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை கோபியும், எங்கள் பெண் பிரியதர்ஷினியும், அவள் வயிற்றில் இருக்கும் இன்னும் பெயர் வைக்காத பெரிய மனிதரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் ஒரு தடவையும், பயம் வரும்போதெல்லாம் மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் தங்கள் குடும்பத்துக்காக என்னைப் போல வேண்டிக்கொள்கிறவர் யாரும் இருக்க முடியாது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொல்லலாம் என்றால், தங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோருமாகப் பேசுகிற நல்ல வழக்கம் இருக்கிறது, பிரியா காதில் விழுந்துவிடும். இங்கேயோ, நான் ‘சம்பந்தி’ என்று வாயெடுப்பதற்குள் சரோஜா போனைப் பிடுங்கி, பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து தொடங்கிவிடுகிறாள். வாட்ஸ்அப் எனக்கு ராசியில்லை. போன வருஷம் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய என் மூல வியாதி விவரத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, தங்கள் பெரியப்பா மகன் வரைக்கும் எனக்குக் கைவைத்தியம் சொன்னது தங்களுக்கு மறந்திருக்காது. ஆகவே கடிதம். தயவு செய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை நாங்கள் அழைத்து வருவதாகப் பேச்சு. அது முறை. தாய் வீட்டில்தான் முதல் குழந்தை பிறக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், தாங்கள் பெரிய மனது பண்ணி, வளைகாப்புக்குப் பிறகும் அவளை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற பெண்ணை வைத்துப் பார்க்க மனமில்லாதவன் என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வசந்தம் வருவதற்கான அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

இதைப் படித்து இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாங்கள் முடிவு கட்டுவதற்கு முன், நான் பார்த்த உத்தியோகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். மற்றவர்களுக்கு மெஷினைப் பார்த்தால் உற்பத்தி தெரியும், எனக்கு அதில் போகப்போகிற விரல் தெரியும். சம்பளம் கொடுத்துப் பயப்பட வைத்த கம்பெனி அது. எங்கே அபாயம் கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அட்டையைக் கட்ட வேண்டும், அதை யாரும் தொடக்கூடாது, சரிசெய்த பிறகு நானே வந்து அவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. கேன்டீன் இட்லிப் பானை வரைக்கும் கட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். பயத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை, அதுவும் அதே வேனில் ஏறி வந்து இறங்கிவிட்டது.

எங்கள் வீடு சானமாவு காட்டை ஒட்டி இருப்பது பெண் பார்க்க வந்தபோதே தங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று, ‘அருமையான காத்து’ என்று சொன்னீர்கள். அந்தக் காற்று வருகிற வழியாகத்தான் யானையும் வருகிறது என்று அப்போதே சொல்ல நான் வாய் திறந்தேன், நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று சரோஜா என் காலை மிதித்துவிட்டாள். ராகி அறுப்பு சமயத்தில் கர்நாடகா பக்கத்துக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். அறுப்பு முடிந்ததும் வனத்துறைக்காரர்கள் பட்டாசு வெடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதோடு ஊரே நிம்மதியாகப் படுக்கும். எனக்கு அப்போதுதான் தூக்கம் போகும். கூட்டம் போனால் போகட்டும், பின்தங்கி நின்றுவிடுகிற ஒண்டி யானை என்று ஒன்று இருக்குமே, அதற்கு ராகி தீர்ந்துபோனால் அடுத்த சாப்பாடு எது? பழம். பழத்துக்கு முன்னால் எது? பூவும் பிஞ்சும். ஆக, தோட்டத்தில் முதல் பூ விரிந்தால் அது நாம் யானைக்கு வைக்கிற அழைப்பிதழ். இதை நான் சொன்னால் இந்தத் தெருவில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். போய்விட்டது. மறுநாள் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் தோட்டத்துக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின வாரம் வரைக்கும் மொட்டையாக நின்ற வேப்பமரம் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தது. புங்கமரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மாதிரி புது இலை. மாமரத்தில் இலை எது பூ எது என்று தெரியாத அளவுக்குப் பூ, அதன் வாசனை தெருமுனை வரைக்கும் போகிறது, எனக்கே அவ்வளவு தூரம் வாசனை வந்தால் அந்த நீளத்துக்கு மூக்கு வைத்திருக்கிற ஜீவனுக்கு எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முருங்கையில் வெள்ளை வெள்ளையாகப் பூ, பூவைச் சுற்றித் தேனீ, இதெல்லாம் போதாதென்று குயில் ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, நான் யாரிடமும் சொல்லாமல் மறைக்க நினைத்த விஷயத்தை ஊருக்கெல்லாம் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லெடுத்து எறிந்தேன். அது அடுத்த வீட்டு கௌஸ் பாஷா மாடிக்குப் போய் உட்கார்ந்து இன்னும் பலமாகக் கூவியது.

அப்போதுதான் சரோஜா தெருவோரத்துச் சுவர்ப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வந்து பாருங்க. நம்ம பலா பிஞ்சு வுட்டிருக்குது.” பிரியா காலேஜில் சேர்ந்த வருஷம் சரோஜா வைத்த மரம் அது. இத்தனை வருஷமும் இலையைத் தவிர வேறொன்றும் காட்டாமல், நல்ல பிள்ளையாக இருந்தது. இப்போது அடிமரத்திலேயே, கைக்கு எட்டுகிற உயரத்தில், விரல் நீளத்துக்குப் பச்சைப் பிஞ்சுகள். சரோஜா அவற்றைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரித் தொட்டுப் பார்த்தாள். “பிரியா வந்து புள்ள பெத்து எழுந்திரிக்கறதுக்கும் இது பழுக்கறதுக்கும் சரியா இருக்கும்” என்று சந்தோஷப்பட்டாள். நான் அளந்து பார்த்தேன், சம்பந்தி. கைக்கு எட்டுகிற உயரம் என்றால் தும்பிக்கைக்கு எட்டுகிற உயரம். சுவருக்கு இந்தப் பக்கம் பலா, அதற்கு அடுத்தது ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே பிரியாவுக்கும் குழந்தைக்கும் என்று நாங்கள் வெள்ளையடித்து வைத்திருக்கிற அறை.

மரத்தை வெட்டலாம் என்றேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. சரி, பிஞ்சையாவது கிள்ளிப் போடலாம் என்றேன். முதல் பிஞ்சைக் கிள்ளுகிறவன் வீடு விளங்காது என்று சொல்லிவிட்டாள். வேறு வழி இல்லாமல் எனக்குத் தெரிந்த முறைக்கே வந்தேன். அபாயம் எங்கே தெரிகிறதோ அங்கே சிவப்பு. அட்டை கைவசம் இல்லாததால் சரோஜாவின் பழைய சிவப்புப் புடவையை, மஞ்சள் கரையோடு சேர்த்து நாடா நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு பிஞ்சுக் காம்புக்குப் பக்கத்திலும், பூத்த கிளைகளிலும் கட்டினேன். யானைக்கு மிளகாய் ஆகாது என்று படித்திருந்தேன், ஆகவே மிளகாய்த் தூளைப் பழைய எண்ணெயில் குழைத்து அடிமரம் முழுக்க அப்பினேன். ஏதாவது கிளையைத் தொட்டால் எனக்குக் கேட்க வேண்டுமே என்று, மாட்டுக்குக் கட்டுகிற சின்ன மணிகளை வாங்கி வந்து தொங்கவிட்டேன். எல்லாம் முடித்து, தெருவில் போய் நின்று பார்த்தேன். பாதுகாப்பு ஏற்பாடு மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. தாங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிவப்புத் துணி, மஞ்சள் கரை, அடிமரத்தில் செக்கச்செவேலென்று பூச்சு, காற்றடித்தால் மணிச் சத்தம். இந்த நாலும் சேர்ந்தால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

எங்கள் சுவருக்கு எதிரில்தான் கம்பெனி பஸ் நிற்கும். காண்ட்ராக்டில் வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே கூட்டமாக நிற்பார்கள், அவர்களில் பாதிப் பேர் வெளி மாவட்டம். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று கும்பிடுகிறார்கள். நான் கேட்டைத் திறந்து வெளியே போய், இது சாமி இல்லை, யானைக்காக வைத்தது என்றேன். யானைக்காக வைத்தது என்று நான் சொன்னது பிள்ளையாருக்காக வைத்தது என்று பரவிவிட்டது. மறுநாள் மாதேஸ்வரி என்று ஒரு பெண், சுவருக்கு மேல் கையை நீட்டி அடிமரத்தைத் தொட்டு, அந்தச் சிவப்பை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் பதறி ஓடுவதற்குள் இன்னும் நாலைந்து நெற்றிகளுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் நெற்றி எரிய ஆரம்பித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது மிளகாய்த் தூள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மாதேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

“நெத்தி எரியுதுன்னா சாமி எறங்குதுன்னு அர்த்தம் சார். எங்கூரு அம்மனே இத்தினி சுருக்கா எறங்காது.”

அன்றிலிருந்து பிள்ளையார் போய் எங்கள் பலா அம்மனாகிவிட்டது, எரியாத நெற்றிக்காரர்கள் பக்தி குறைந்தவர்கள் என்று ஆகிவிட்டது. கல்யாணம் ஆகாதவர்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். குழந்தை இல்லாதவர்கள் துணியில் தொட்டில் கட்டினார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பவர்கள் கம்பெனி அடையாள அட்டையின் நாடாவைக் கொண்டுவந்து கட்டினார்கள், இப்படி ஒரு வேண்டுதலை நான் வேறு எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். வெறும் கையோடு எப்படிக் கும்பிடுவது என்று சுவரோரம் வாழைப்பழம் வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு தேங்காய், பிறகு வெல்லம், ஒரு வெள்ளிக்கிழமை முழுக் கரும்பு. யானை வரக்கூடாது என்று நான் செய்த ஏற்பாட்டின் காலடியில், யானைக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் பந்தி வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தது. தினமும் பஸ் போனதும் நான் கூடையை எடுத்துக்கொண்டு அள்ளப் போவேன், சாமி பொருளை எடுக்கிறார் பாவி என்று எதிர் வீட்டு ஜோதியம்மாள் ஜன்னலில் நின்று சொல்லுவாள்.

சரோஜா எனக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்று நம்பினேன். முதலில் சிரித்தவள், பிறகு யோசித்தாள், பிறகு ஒரு நாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பலாவுக்கு விளக்கு வைத்தாள். உன் கண் எதிரில்தானே உன் புடவையைக் கிழித்துக் கட்டினேன் என்று கேட்டேன். “யாரு கட்டினா இன்னாங்க. நம்ம புள்ள நல்லபடியா பெத்துப் பொழைக்கணும், எங்கயாச்சும் கும்புடணும்ல” என்றாள். துணிகளை அவிழ்த்துவிடலாம் என்று ஏணி போட்டு ஏறினேன். முதல் முடிச்சில் கை வைத்ததும் ஏணி வழுக்கி, புதினாப் பாத்தியில் உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்தேன். ஏணிக் காலுக்கு ரப்பர் போடாததுதான் காரணம், அதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் ஜோதியம்மாள் ஜன்னலில் இருந்தாளே. சாயங்காலத்துக்குள் அந்த அம்மனின் கோபத்துக்கு நான் சாட்சியாகிவிட்டேன்.

அடுத்த வீட்டு கௌஸ் பாஷா நிதானமான மனிதர். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார், ஒரே நாளில் விலை விழுவதையும் எழுவதையும் பார்த்துப் பார்த்து எதற்கும் பதறாதவர். அவரிடம் போய், பாய், நீங்களாவது இவர்களுக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் எனக்கு டீ கொடுத்தார். “சார், ஒருத்தர் வேண்டிக்கினு நிக்கிற எடத்துல நான் போயி இது பொய்யின்னு சொல்லலாமா? அது தப்பு. ஆனா பழத்த மட்டும் வெக்காதீங்கன்னு சொல்லுங்க, நானும் வந்து நிக்கிறேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இத்தனை நாள் வராத யானை இனிமேலா வரப்போகிறது என்று ஆறுதலும் சொன்னார். அவர் சொல்லி முடித்த மறுநாள் வந்தது.

நன்றாக விடிந்த நேரம்தான். பனி மட்டும் தரையோடு இருந்தது. பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள், பஸ்ஸும் வந்து நின்றது. நான் கூடையோடு கேட்டுக்கு வெளியே, சரோஜா விளக்கோடு எனக்குப் பின்னால். திடீரென்று தெருவில் பேச்சு நின்றுபோனது. திரும்பினேன். பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஆள் மாதிரி, மெதுவாக ஒரு யானை வந்தது. ஒரே ஒரு யானை. சத்தமே இல்லை, சம்பந்தி. அவ்வளவு பெரிய உடம்புக்குக் கொஞ்சமாவது சத்தம் இருக்க வேண்டாமா? பஸ் டிரைவர் கன்னடக்காரர், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள் என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று நான் கழுத்திலேயே விசில் மாட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து வாயில் வைத்தும் விட்டேன். ஊத முடியவில்லை. காலையும் நகர்த்த முடியவில்லை. பயத்தில் மூச்சு வாங்கியது, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த விசில் தானாகவே கீச்… கீச்… என்று ஈனமாக ஊதிக்கொண்டிருந்தது. நிறுத்தவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை. யானை நின்று, இது எங்கே இருக்கிற குஞ்சு என்பது போல என்னை ஒரு தடவை பார்த்தது.

பிறகு அது வாழைப்பழத்தைச் சாப்பிட்டது. தேங்காயைச் சாப்பிட்டது. வெல்லத்தைக் காகிதத்தோடு சாப்பிட்டது. பலாப் பிஞ்சைத் தும்பிக்கையால் மோந்து பார்த்து, அடிமரத்து மிளகாய் மூக்கில் ஏறியதும் ஒரு தும்மல் போட்டது. அந்தத் தும்மல் முழுவதும் என் மேல்தான் விழுந்தது. நனைந்த சட்டையோடு, வாயில் விசிலோடு நான் நிற்க, அது சுவரையும் தொடாமல், யாரையும் தொடாமல், வந்த வழியே காட்டுக்குத் திரும்பிப் போனது. பெண்கள் அப்படியே தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். விநாயகரே வந்து படையலை ஏற்றுக்கொண்டு, பூசாரிக்குத் தீர்த்தமும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார்கள். அந்தப் பூசாரி நான்.

வனத்துறைக் காவலர் முனிசாமி வந்து தடம் பார்த்தார். இது ஒண்டி யானை, சாதுதான், ஆனால் ஒரு தடவை ருசி கண்ட இடத்தை மறக்காது, இனிப் பழம் வைத்தீர்களானால் நான் பொறுப்பில்லை என்று கண்டித்துவிட்டுப் போனார். யார் கேட்கிறார்கள்? மறுநாளிலிருந்து தொரப்பள்ளியிலிருந்தெல்லாம் ஆட்டோ வைத்துக்கொண்டு வருகிறார்கள். மாதேஸ்வரி எடுத்த வீடியோ எந்தெந்த ஊருக்கோ போய்விட்டதாம். நான் காலையில் கதவைத் திறந்தால் என் காலில் விழ இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் ஜனம், நடுவில் ஒன்பது மாதக் கர்ப்பிணியையும், அதற்குப் பிறகு பச்சைக் குழந்தையையும் நான் எப்படி வைத்துக் காப்பேன்? கம்பெனியில் ஒரு விரல் போனாலே அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காதவன் நான். இது என் பெண். இன்றைக்கு மாமரத்தில் பூ உதிர்ந்து கடுகு கடுகாகக் காய் தெரிகிறது. புங்கை மொட்டு கட்டுகிறது. வசந்தம் நாளுக்கு நாள் நெருங்கி வருகிறது, சம்பந்தி, அதை நிறுத்த எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்துவிட்டேன்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் தெருவில் யானை வந்தாலும் அது கோயில் யானையாக, பாகனோடு, மேளத்தோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். ஆஸ்பத்திரியும் தங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாங்கள் தைரியசாலி, தங்கள் வீட்டில் எல்லோருமே தைரியசாலிகள். பிரியா அங்கேயே இருக்கட்டும். நாங்கள் இருவரும் வாரா வாரம் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்கிறோம். முறை தவறியது என்று யாராவது கேட்டால், பெண்ணின் அப்பன் பயந்தாங்கொள்ளி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் இப்படி எழுதினேன் என்று அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அப்பா வராதே என்றார் என்று அவள் நினைத்தால், அதை என்னால் தாங்க முடியாது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், பைக்கை மெதுவாக ஓட்டச் சொல்லவும், மாடிப்படியில் பிரியாவின் கையைப் பிடித்து இறக்கவும் சொல்லவும். குளியலறையில் தண்ணீர் தேங்க விட வேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், எந்தச் சிராய்ப்பும் இல்லாமலும் வாழ ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றுக்கும் அஞ்சி, இன்று முதல் தங்கள் பதிலுக்கும் அஞ்சும்,
நாராயணப்பன்.

பின்குறிப்பு: நேற்று கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, பசை தேடிக்கொண்டிருந்தபோது பிரியா போன் செய்தாள். சரோஜா பலாவுக்கு விளக்கு வைக்கப் போயிருந்ததால் நானே எடுத்தேன். முதல் பூ பூத்த நாளிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சரோஜா தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வீடியோவையும் பார்த்துவிட்டாள். “யானை அவ்ளோ கிட்ட வந்தும் நீங்க ஓடவே இல்லையேப்பா” என்றாள். கால் வரவில்லை, அதனால்தான் என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பதறிப்போய், வலியா, டாக்டரைக் கூப்பிடவா, மாமனார் எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்கப்பா. தைரியமா இரு, தைரியமா இருன்னு நாள் பூரா சொல்றாங்க. ஆனா எனக்கு பயமா இருக்குப்பா. இந்த வீட்ல பயப்பட வேற ஆளே இல்ல, நான் ஒருத்தியே எல்லாத்துக்கும் பயப்பட வேண்டியிருக்குது. அங்க வந்தா நீங்க பாத்துக்குவீங்க. நான் தூங்குவேன்.”

சம்பந்தி, மேலே எழுதியதில் யானையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அபாயத்தை மறைத்துப் பெண்ணை வாங்கிக்கொள்வது என் தொழிலுக்கு விரோதம், ஆகவே அனுப்புகிறேன். சரோஜா கரும்பலகையில் ஓர் அறிவிப்பு எழுதி மரத்தில் மாட்டியிருக்கிறாள், இந்த அம்மன் விரதத்தில் இருக்கிறாள், பழம், தேங்காய், வெல்லம், கரும்பு எதுவும் ஆகாது என்று. நான் இத்தனை நாள் கத்தியும் கேட்காதவர்கள் இன்று காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்கூட வைக்கவில்லை, கௌஸ் பாஷாவும் சொன்னபடி வந்து நின்றார். பிஞ்சை நாளைக்கே பறித்துப் பொரியல் செய்துவிடுவதாகவும் சரோஜா ஒப்புக்கொண்டாள், பிரியா கேட்டாளாம். இருந்தாலும் யானை வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வளைகாப்பு முடிந்த அன்றே பெண்ணை அனுப்பிவையுங்கள். அவள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம், அதற்கு இங்கே ஆள் இருக்கிறது.